மெல்ல மீட்டினால் கேட்க வேண்டும்

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வீணை காட்சிக்கு மட்டுந்தானா, பாட்டும் உண்டா?"

மண்டபம் சிரித்தது. பொல்லாத சிரிப்பு இல்லை. கல்யாண வரவேற்பில் பந்திக்குக் காத்துக்கொண்டிருப்பவர்கள் பொழுது போகாமல் சிரிக்கும் சிரிப்புதான். மேடையில் உட்கார்ந்திருந்த அன்னபூரணிக்கு அது காதில் விழுந்தது. வலது கை ஆள்காட்டி விரலை இன்னும் அழுத்தி மீட்டினாள். சவுண்ட் செட் நடராசன் அவள் முன்னால் இருந்த மைக்கைக் கொஞ்சம் கூட்டினார். உடனே பெட்டிகள் இரண்டும் ஊளையிட, முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நடராசன் பதறிக் குறைத்தார். அதற்குப் பிறகு மண்டபத்தில் கேட்டதெல்லாம் முத்தையனின் மிருதங்கமும், கொல்லைப்புறத்து ஜெனரேட்டரின் இரைச்சலும், இரண்டுக்கும் நடுவில் எங்கோ கொசு பாடுவது போல ஒரு வீணையும்தான்.

அன்னபூரணிக்கு வயது நாற்பத்தாறு. நெரவிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தலத்தெருவில் வீடு. பள்ளிக்கூட நாளிலிருந்து வீணை வாசிக்கிறாள். முத்தையனோடு சேர்ந்து கல்யாண வரவேற்புகளுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் வாசிக்கத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. இதற்கு முன்னாலும் மண்டபங்களில் இரைச்சல் இருந்தது, மைக் ஊளையிட்டது. ஆனால் அப்போதெல்லாம் அவள் விரல்களில் பலம் இருந்தது. போன மழைக்காலத்தில் வந்த சிக்குன்குனியா அவளை ஒரு மாதம் படுக்கையில் போட்டது. எழுந்த பிறகு முழங்கால் தேறியது, தோள் தேறியது, தந்தியை இழுத்துப் பிடிக்கும் இடது கையும் ஒருவழியாகத் தேறிவிட்டது. மீட்டுகிற வலது கை விரல் மூட்டுகள்தான் பிடிவாதம் பிடித்தன.

திரும்பி வரும்போது வேனில் முத்தையன் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தார். அவளைவிட நாலைந்து வயது இளையவர். மனசில் கள்ளம் இல்லாதவர்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப கீபோர்டுலயே வீணைச் சத்தம் வருது. பட்டனத் தொட்டாப் போதும், கைக்கும் நோவு இல்ல. பாக்குறவங்களுக்கு வேணும்னா வீணையப் பக்கத்துல வச்சுக்கலாம்."

அன்னபூரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசி வரிசைக்காரர் தெரியாமல் சொன்னார். இவர் தெரிந்தே சொல்கிறார். அதுதான் அதிகம் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் விரல்கள் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக்கொண்டன. கணவர் சிவநாதன் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். நெரவியில் இருக்கும் நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். காலையில் மோட்டார் சைக்கிளில் போனால் மத்தியானம் வருவார். பொண்டாட்டி வீணை வாசிப்பதில் அவருக்குப் பெருமை உண்டு. அவள் வலியில் முகம் சுளிப்பதைப் பார்க்கத்தான் பொறுக்காது.

"விட்டுடு பூரணி. நோவை எதுக்கு வலியக் கூப்பிட்டு வச்சுக்கிற? வீட்டுல வாசி, நான் கேக்குறேன்."

"வாசிக்கிறத விடமாட்டேங்க," என்றாள் அவள். "அழுத்தி வாசிக்கிறதத்தான் விடப் போறேன். நான் மெல்லத் தொட்டாலும் கேக்கணும். அதுக்கு என்ன வேணுமோ அத வாங்குறேன்."

சொல்லும்போது என்ன வாங்க வேண்டும் என்று அவளுக்கே தெரியாது. சொல்லிவிட்டதால் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்த ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டு வேளையெல்லாம் அதிலேயே போனது. பக்கத்து மேசை ஷரீபுன்னிசா தன் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இவள் போனில் பார்ப்பதையெல்லாம் எட்டிப் பார்ப்பாள். இருவரும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"மைக்குதான் வச்சாங்களே, பூரணி. இன்னும் பெரிய மைக்கா வைக்கச் சொல்லேன்."

"முன்னாடி நிக்கிற மைக்கு வீணைய மட்டுமா வாங்குது? மிருதங்கத்த வாங்குது, ஃபேனை வாங்குது, எவனோ இருமுறத வாங்குது. கூட்டுனா ஊளை. வீணை மேலயே ஒட்டுற மைக்கு இருக்கு, ஒரு ரூபாக் காசு அகலந்தான். அது கட்டை அதிர்றத மட்டும் எடுக்கும்."

"அப்ப அத வாங்கி நடராசன் பெட்டில சொருகிட்டாப் போச்சு."

"வாங்கிச் சொருகியும் பாத்தாச்சு. ம்ம்ம்னு ஒரே இரைச்சல். மண்டபத்துக் கரண்டு, ஜெனரேட்டர் கரண்டு, ட்யூப்லைட்டு எல்லாம் அந்த ஒயர் வழியா வந்து பாடுது. செவுத்துப் பிளக்கே வேண்டாம், ஷரீபு. பேட்டரில ஓடுற பொட்டி, எம் பக்கத்துல, என் கைக்கு எட்டுற எடத்துல இருக்கணும். கூட்டுறதும் கொறைக்கிறதும் நான் பாத்துக்கணும்."

ஷரீபுன்னிசா ஒரு வாய் சோற்றை மென்று முடித்தாள். "அப்ப அடுத்தவன் கையில ஒன் சத்தத்தக் குடுக்க மாட்டே."

"மாட்டேன்."

அந்த வாரமே அல்லி வந்து அவள் மேசை முன்னால் நின்றாள். கோட்டுச்சேரிமேட்டுப் பெண். அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆவணியில் கல்யாணம்.

"அக்கா, கல்யாணத்துக்கு மொத நாள் சாயந்தரம் எங்க ஊர்ல கடக்கரையில பந்தல் போடுறோம். நீங்க வந்து வாசிக்கணும்."

"கடக்கரையிலயா? ஏன் பொண்ணு, மண்டபத்துலயே என் வீணை கேக்கல. அங்க காத்து அள்ளிட்டுப் போயிடும். ஒங்க ஊர்ப் பசங்க டிஜே வச்சிருப்பாங்களே?"

"வச்சிருக்காங்க. அது அவங்களுக்கு. எனக்கு நீங்க வேணும். ஆயுத பூசைக்கு இங்க வாசிச்சீங்கல்ல, நான் ஒங்க பக்கத்துல ஒக்காந்து கேட்டேன். கடைசியா ஒண்ணு வாசிச்சீங்க, மெதுவா, ஆனந்தபைரவின்னீங்க. எங்கம்மா அதக் கேக்கணும், அக்கா."

"பக்கத்துல ஒக்காந்தா கேக்கும். ஒரு ஊரையே பக்கத்துல ஒக்கார வைக்க முடியுமா?"

"கேக்குற மாதிரி பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு அல்லி பத்திரிகையை நீட்டினாள். அந்தப் பிடிவாதம் அன்னபூரணிக்குப் பிடித்திருந்தது. தன்னுடையதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

முதலில் காரைக்காலிலேயே ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனாள். சிவநாதன் காரை ஓட்ட, பின்சீட்டில் படுத்து வந்தது வீணை. கடைக்காரர் சூட்கேஸ் மாதிரி சக்கரம் வைத்த ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். கரோக்கே பாட, கட்சிக் கூட்டத்தில் பேச, எல்லாவற்றுக்கும் இதுதானாம். வீணையோடு வந்த வாடிக்கையாளரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஜமுக்காளம் விரித்துக் கொடுத்தார்.

அன்னபூரணி ஒட்டு மைக்கை வீணைக் குடத்தின் மேல் பதித்து ஒரு மீட்டு மீட்டினாள். பெட்டியின் முகத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன. 'டொம்' என்று ஒரு சத்தம், கிணற்றில் தேங்காய் விழுந்த மாதிரி. இன்னொரு மீட்டு. இன்னொரு டொம். தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவாளே, அந்த வழுக்கல் காணவே காணோம். புறப்பட்ட இடமும் தெரியவில்லை, போய்ச் சேர்ந்த இடமும் தெரியவில்லை.

"நல்ல பேஸ் மேடம்," என்றார் கடைக்காரர்.

"நல்லா இருக்குங்க. ஆனா இதுல வீணை இல்லியே," என்றாள் அன்னபூரணி.

காரில் ஏறியதும் சிவநாதன் சொன்னார். "போன்லயே பாத்து ஒண்ணு வாங்கிடலாம் பூரணி. எத்தன பேர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கான் பாரு."

"போட்டவன் எவனாவது வீணை வாசிச்சானாங்க?"

அவர் வண்டியைக் கிளப்பினார்.

தஞ்சாவூரில் வாத்தியக் கடைகள் இருக்கின்றன. அங்கே ஷரீபுன்னிசாவின் மகள் அஃப்ரா விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை மகளுக்கு இறால் தொக்கு எடுத்துக்கொண்டு ஷரீபுன்னிசாவும் காரில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் வீணையின் யாளித்தலை அவள் தோளில் சாய்ந்து வந்தது. "ஒன் பொட்டி ஒழுங்கா அமையலேன்னா நான் இந்த யாளிக்குப் பதில் சொல்லணும்," என்று சிரித்தாள்.

கடையில் கிடார்களுக்கு நடுவே இருந்த விற்பனையாளர் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார். மூன்றும் பேட்டரியில் ஓடுகிறவை. அன்னபூரணி முகத்தில் அவசரமில்லை. தரையில் சம்மணமிட்டு, வீணையைச் சரித்து வைத்து, சுருதி சேர்த்து, அதற்குப் பிறகுதான் முதல் பெட்டியில் ஒயரைச் சொருகச் சொன்னாள்.

முதலாவது கையடக்கமானது. அதில் வீணை கரகரத்தது. சீப்பின் மேல் தாளை வைத்து ஊதினால் வருமே, அந்தச் சத்தம். "இது எலக்ட்ரிக் கிடாருக்கான ஆம்ப் மேடம், அந்தக் கரகரப்புதான் அவங்களுக்குப் பிடிக்கும்," என்றார் விற்பனையாளர். அன்னபூரணி ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

இரண்டாவது பெரியது. அதில் கீழ்ச்சுரம் பேசும் தடித்த மந்தரத் தந்தியை ஒருமுறை தொட்டாள். கடையில் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த அவள் தொடைக்குக் கீழே சிமெண்டுத் தரை அதிர்ந்தது. இழுப்பு முழுதாக, வால் வரைக்கும், தேய்ந்து தேய்ந்து அடங்கியது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற சிவநாதன் கட்டை அவிழ்த்தார்.

"இதான் பூரணி," என்றார். "இதுக்கு மேல என்ன பாக்கணும்?"

அன்னபூரணி எழுந்து போய் அந்தப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு சாண்கூட எழும்பவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வலி மின்னல் மாதிரி ஓடியது. மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நான் தூக்கிட்டு வர்றேன் பூரணி. நான் எதுக்கு இருக்கேன்?"

"அறுப்பு நாள்ல எங்க இருப்பீங்க?"

அறுவடை நாளில் அவர் எங்கே இருப்பார் என்று இருவருக்கும் தெரியும்.

"ஒங்கள நம்பலேன்னு இல்லங்க," என்றாள் அவள் தணிந்த குரலில். "கச்சேரிக்குக் கூப்பிட்டா நான் ஒருத்தரையும் கேக்காம வர்றேன்னு சொல்லணும். இந்தக் காய்ச்சல் வந்ததுலேருந்து ஒரு தண்ணிப் பாட்டில் தொறக்கணும்னாலும் யாரயாவது கூப்பிட வேண்டியிருக்கு. இது ஒண்ணாவது எங் கையால ஆகட்டும்."

மூன்றாவது பெட்டி நடுத்தரம். முகம் மேல்நோக்கிச் சாய்ந்த வாகு. தரையில் வைத்தால் உட்கார்ந்திருப்பவரின் காதைப் பார்க்கும். தோளில் மாட்ட வார் இருந்தது. இடது தோளில் மாட்டிக் கடைக்குள் ஒரு நடை நடந்து பார்த்தாள். முடிந்தது. உட்கார்ந்து வாசித்தாள். மேல் தந்தி தெளிவாகத்தான் இருந்தது. மந்தரத்தைத் தொட்டதும் பட்டுப்புடவை கேட்டவளுக்குப் பருத்தி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அழுத்தி மீட்டினாள். பெட்டி தொண்டை கட்டிக் கரகரத்தது.

"ரெண்டாவதுதான் உங்களுக்கு மேடம்," என்றார் விற்பனையாளர்.

வேறு யாராக இருந்தாலும் அப்போது இரண்டில் ஒன்றை முடிவு செய்திருப்பார்கள். அன்னபூரணி எழுந்திருக்கவில்லை. ஒட்டு மைக்கைத் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், கூர்மையாகக் குத்தியது. குடத்தின் நடுவில் வைத்தாள், முழங்கியது. குடத்தை மூடிய பலகையின் ஓரத்துக்குக் கொண்டு வந்தாள். பெட்டியைச் சுவர் மூலைக்கு நகர்த்தச் சொன்னாள். கீழ்ச்சத்தத்துக்கான பொத்தானைக் கொஞ்சம் திருப்பினாள். ஒவ்வொன்றும் ஓர் அடி முன்னால் கொண்டுபோனது. ஆனாலும் மந்தரம் வரும்போது பெட்டி திணறியது. ஷரீபுன்னிசா அஃப்ராவைப் பார்த்துவிட்டே வந்துவிட்டாள். இவள் இன்னும் அதே இடத்தில் இருந்தாள்.

அந்நேரம் விரல் மூட்டு விண்ணென்று தெறித்தது. வலி தாளாமல் கையைத் தளர்த்திவிட்டு, வெறுமனே தந்தியின் மேல் விரலை ஓட்டினாள், மீட்டுவதாகவே நினைக்காமல்.

பெட்டி திணறவில்லை. சத்தம் சின்னதாக, உருண்டையாக வந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சத்தத்தக் கூட்டுங்க," என்றாள் விற்பனையாளரிடம். "இன்னும். இன்னும் கொஞ்சம்." பிறகு மந்தரத் தந்தியைத் தூசி தட்டுவது போலத் தொட்டாள்.

கடையை நிறைத்தது அது. இரண்டாவது பெட்டியின் கம்பீரம் இல்லைதான். ஆனால் முழுதாக இருந்தது, இழுப்பின் வால் அறுபடவில்லை. இத்தனை நேரம் பழைய பழக்கத்தில், கடைசி வரிசைக்காரனுக்காக, இந்தப் பெட்டியையும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். திணறியது அடி தாங்காமல்.

"ஷரீபு, ரோட்டுக்கு அந்தாண்ட போய் நின்னு கேளேன்."

ஷரீபுன்னிசா செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அன்னபூரணி ஒரு சின்ன ஆலாபனை வாசித்தாள். திரும்பி வந்தவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கேக்குது. பஸ்ஸு போறப்போ கேக்கல. பஸ்ஸு போனப்பறம் திரும்பவும் கேக்குது."

"போதும்," என்றாள் அன்னபூரணி. "பஸ்ஸ ஜெயிக்க நான் வரல."

மூன்றாவது பெட்டி காரில் ஏறியது.

வீட்டுக்குக் கொண்டு வந்த முதல் வாரம் சந்தோஷமாக இல்லை. பெட்டி வீணையை மட்டும் பெரிதாக்கவில்லை, அவள் தப்புகளையும் பெரிதாக்கியது. நகம் தந்தியில் உரசும் கீச்சு, தண்டின் மெட்டுகளைத் தாண்டும்போது விரல் தடுக்கும் சின்ன இடறல், காந்தாரத்தில் அரைக்கால் வாசி தாழ்ந்து நிற்கும் இழுப்பு. இத்தனை வருஷமும் இவையெல்லாம் மண்டப இரைச்சலுக்குள் ஒளிந்திருந்தன. "எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலியே," என்றார் சிவநாதன். "எனக்குத் தெரியுதே," என்று அவள் அதே இழுப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். விடிகாலையில் ஒரு தடவை, ஆபீஸ் விட்டு வந்து ஒரு தடவை. மெல்லத் தொட வேண்டும் என்று மனசுக்குத் தெரிந்தும் கைக்குத் தெரியவில்லை. ஒரு வேகமான இடம் வந்தால் போதும், விரல் பழையபடி அறையும். பெட்டி கரகரக்கும். நிறுத்துவாள். முதலிலிருந்து தொடங்குவாள்.

முத்தையன் ஒத்திகைக்கு வந்தபோது புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. அவர் வழக்கம்போல வாசித்தார். வீடே அதிர்ந்தது. பெட்டியை எவ்வளவு கூட்டினாலும் வீணை மிருதங்கத்துக்கு அடியில் போனது.

"முத்தையன், பாதியாக் கொறைங்க."

அவர் கை நின்றது. முகம் சுருங்கியது. "இத்தன வருசத்துல நீங்க இப்படிச் சொன்னதில்லியேக்கா."

"சொன்னதில்லதான். இத்தன வருசமும் நான் கைய ஒடச்சிக்கிட்டு ஒங்களத் தொரத்திட்டு வந்தேன். இனிமே நீங்க எங்கூட நடந்து வாங்க."

முத்தையன் மிருதங்கத்தின் வாரைத் தடவினார். கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவாரோ என்று அவளுக்கு உள்ளூரப் பயம். கீபோர்டுக்காரர் யாரையாவது பிடித்துக்கொள்ள அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. கடைசியில் அவர் உள்ளங்கையை எடுத்துவிட்டு விரல் நுனிகளால் மட்டும் ஒரு வட்டம் வாசித்துக் காட்டினார். "இப்படியா?"

"இப்படித்தான்," என்றாள் அவள்.

ஆவணியில் அந்தச் சாயந்தரம் கோட்டுச்சேரிமேட்டில் நல்ல காற்று. கரையில் ஃபைபர் படகுகள் ஏற்றி வைத்திருந்தார்கள். வலை பின்னும் கூடத்தை ஒட்டி மணலில் பந்தல். ஒருபுறம் ஆள் உயரத்துக்கு நடராசனின் டிஜே பெட்டிகள் நின்றன. அன்னபூரணி வந்து இறங்கியதும் அவரே ஓடி வந்தார். மண்டபத்தில் நடந்தது அவருக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது.

"அக்கா, ஒங்க பொட்டிலேருந்து ஒரே ஒரு ஒயர் குடுங்க. எம் பாக்ஸ்ல போட்டு ஊருக்கே கேக்க வச்சிடுறேன்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அன்னபூரணி ஒரு கணம் யோசித்தாள். கறுப்பு மலைகள் மாதிரி நின்ற அந்தப் பெட்டிகளைப் பார்த்தாள். வீணை அவற்றின் வழியாகப் போனால் அடுத்த ஊரான கோட்டுச்சேரி வரைக்கும் கேட்கும். வீணையாகக் கேட்குமா என்பதுதான் கேள்வி.

"வேண்டாங்க நடராசன். ஊருக்கே வேண்டாம், பந்தல்ல ஒக்காந்திருக்கிறவங்களுக்குப் போதும். நான் முடிக்கிற வரைக்கும் ஒங்க ஜெனரேட்டர மட்டும் அந்தப் படகுங்களுக்குப் பின்னால தள்ளி வச்சுக் குடுங்க, அது பெரிய ஒதவி."

பெட்டியை மணலில் வைக்க முடியவில்லை. சத்தத்தை மணல் குடித்தது. அல்லியின் அப்பா மாரிக்கண்ணு மீன் ஐஸ் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து கவிழ்த்துப் போட்டார். பேட்டரிப் பெட்டி அதன் மேல் ஏறியதும் சரியாக இருந்தது. கடலுக்கு முதுகு காட்டி, காற்று தன் பின்னாலிருந்து ஜனங்கள் பக்கம் போகும்படி உட்கார்ந்தாள். முத்தையன் எதிரில். சிவநாதனும் ஷரீபுன்னிசாவும் நடுவில் எங்கோ.

தொடங்கினாள். முதல் இரண்டு வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் பேச்சு நிற்கவில்லை. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். படகுப் பக்கம் நின்ற பையன்கள் டிஜே எப்போது என்று கத்தினார்கள். அன்னபூரணியின் வலது கை விரல் தானாக விறைத்தது. அறை, அறைந்தால் கேட்பார்கள் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தளர்த்தினாள். மீட்டுவதன் நடுவில் இடைவெளி பார்த்துக் கையை நீட்டிப் பெட்டியின் பொத்தானைக் கொஞ்சம் கூட்டினாள். பெட்டி சட்டென்று கூவத் தொடங்கியது. அவள் பதறவில்லை. முழங்கையால் பெட்டியை ஒரு சாண் அப்பால் திருப்பினாள். கூவல் நின்றது. திரும்பத் தந்திக்குப் போனாள், முன்பு தொட்டதைவிட இன்னும் மெதுவாக.

அப்போது மாரிக்கண்ணு தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து போட்டு உட்கார்ந்தார். திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து, "பேசுறதுன்னா அந்தாண்ட போய்ப் பேசுங்கடா," என்றார். நாற்காலிகள் மணலில் இழுபட்டன. நாற்காலி கிடைக்காதவர்கள் மணலிலேயே உட்கார்ந்தார்கள். பையன்களில் பாதிப் பேர் படகுப் பக்கமே நின்றுவிட்டார்கள். அவர்களைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

மூன்றாவதாக ஆனந்தபைரவி. மந்தரத்தில் எடுத்து, அவசரமில்லாமல் மேலே போய், திரும்ப இறங்கி வந்தாள். காந்தார இழுப்பு அன்றைக்கு நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. வாசிக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது, கை வலிக்கவில்லை. வலியை எதிர்பார்த்துப் பல்லைக் கடிக்கும் பழக்கம் மட்டும் மிச்சம் இருந்தது, அதையும் நடுவழியில் விட்டுவிட்டாள். முத்தையன் விரல் நுனிகளால் பக்கத்திலேயே நடந்து வந்தார். முதல் வரிசையில் அல்லி தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கண்ணீர் எதுவும் விடவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்க்காமல், வீணையின் மேல் ஓடும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எழுந்து வந்து குனிந்தாள்.

"அந்தத் தடிச்ச கம்பி இருக்குல்ல, அடியில பேசுதே, அத மட்டும் இன்னொரு தரம் வாசிங்க."

அன்னபூரணி அதை மட்டும் இன்னொரு தரம் வாசித்தாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது முத்தையன் அவள் பக்கத்து இலையில் வந்து அமர்ந்தார். "அக்கா, ஐப்பசியில கும்பகோணத்துல ஒரு வரவேற்பு இருக்கு. ஒங்கள வச்சுத்தான் ஒத்துக்கப் போறேன்," என்றார் இலையைப் பார்த்துக்கொண்டே. கீபோர்டு பற்றிப் பேச்சில்லை.

"வர்றேன். ஆனா ஒசந்த மேடையில ஏத்தி மூலையில ஒக்கார வச்சா வரமாட்டேன்னு சொல்லிடுங்க. ஜனங்களுக்குப் பக்கத்துல, தரையில எடம் வேணும். நான் வாசிக்கிற வரைக்கும் வேற பாட்டு ஓடக் கூடாது."

"அதுக்கு அவங்க ஒத்துக்கலேன்னா?"

"வேற ஆளப் பாத்துக்கட்டும்."

முத்தையன் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நடராசனின் பெட்டிகள் வெடித்தன. இலையில் ஊற்றிய ரசம் நடுங்கியது. முத்தையனின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. "என்ன?" என்று அன்னபூரணி கத்தினாள். அவர் திரும்பக் கத்தினார். ஒன்றும் விளங்கவில்லை. இருவரும் சிரித்துவிட்டார்கள். பந்தலில் அல்லியின் தோழிகள் ஆடத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தாள் ஷரீபுன்னிசா. அல்லி ஓடி வந்து அன்னபூரணியின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். "கையக் கழுவிட்டு வாங்க அக்கா!" என்று அவள் கத்துவது எப்படியோ காதில் விழுந்தது.

அன்னபூரணி இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.